அடுக்களையில் விழுந்த அயல்மொழிச் சீட்டு

கீழ்க்கோத்தகிரியின் தேயிலைச் சரிவுகளில் காலைப் பனியோடு இறங்கிக் கொழுந்து கிள்ளத் தொடங்கும் ஓர் உழைப்பாட்டி, மாலையில் எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறாள். வாயிற்படியில் எரிவளி உருளை வந்து நிற்கிறது. மக்கள் சிலிண்டர் என்று வழங்குவது அதனைத்தான். உருளையைச் சுமந்து வந்தவன் ஒரு சீட்டை நீட்டுகிறான். சீட்டு முழுதும் ஆங்கிலம். அதில் எண்கள் பல. அவற்றுள் எது விலை, எது வரி, எது பதிவெண், எது நாள் என்பது அவளுக்கு விளங்கவில்லை. "எவ்வளவு தம்பி?" என்று கேட்கிறாள். அவன் சொன்னதை எண்ணிக் கொடுக்கிறாள். சீட்டு, அடுப்பு மேடையில் உப்புக் குடுவைக்கு அடியில் போய்ச் சேர்கிறது.

திங்கள் முடிவில் செலவைக் கூட்டும்பொழுது வீட்டில் பூசல் பிறக்கிறது. சென்ற முறை இத்தனை நாள் எரிந்த உருளை இம்முறை ஏன் அதற்குள் தீர்ந்தது? சென்ற முறை கொடுத்ததைவிட இம்முறை ஏன் இவ்வளவு கூடிற்று? அடுப்பை அணைக்காமல் விட்டாயா, அண்டை வீட்டுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாயா, பிள்ளைகள் வந்து திருகினார்களா என்று வினாக்கள் அடுக்கப்படுகின்றன. விலையை ஏற்றியவர் யாரோ. எடையைக் குறைத்தவர் யாரோ. பழி மட்டும் அடுப்படியில் நிற்பவள் தலையில் வந்து விழுகிறது. அவளும், தான்தான் எங்கோ கைதவறி விட்டதாகவே நம்பிவிடுகிறாள். இக்காட்சி ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதாக இருந்தால் அதைப்பற்றி எழுத வேண்டியதில்லை. மலைச்சரிவெங்கும், தோட்டக் குடியிருப்பெங்கும், சிற்றூர் எங்கும் இதுவே நடக்கின்றது. ஆகலின் அந்தச் சீட்டை உப்புக் குடுவையின் அடியிலிருந்து வெளியே எடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

முதலில் மலையின் கணக்கு. இது சீட்டில் எழுதப்பெறுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் செலவில் ஏறுகின்றது. கோத்தகிரி வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. (கோத்தர் வாழ்ந்த கேரி என்பதே கோத்தகிரி எனத் திரிந்ததென்பர். கேரி, தமிழ்ச் சேரியின் உடன்பிறப்பு. அது கிரி ஆனதும் வடசொல் போலத் தோற்றம் காட்டுகிறது.) உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறையின் நீர் விரைவில் கொதித்துவிடும். கடற்கரையில் 100 பாகைச் சூட்டில் கொதிக்கும் நீர், 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் குறைந்து, கோத்தகிரி உயரத்தில் 94 பாகையை ஒட்டியே கொதிக்கத் தொடங்குகிறது. விரைவில் கொதிக்கிறதே, நல்லதுதானே எனத் தோன்றலாம். அதுதான் இல்லை. சோற்றை வேகவைப்பது கொதியின் ஓசையன்று, நீரின் சூடு. 94 பாகைக்கு மேல் நீர் ஏறாது. எவ்வளவு தீயைக் கூட்டினாலும் ஏறாது. கூட்டிய தீ அனைத்தும் ஆவியாகவே பறந்துபோம். ஆகலின் சென்னையில் வேகும் அதே அரிசிக்கு இங்குக் கூடுதல் நேரம் வேண்டும். துவரைக்கும் கொண்டைக் கடலைக்கும் அவரைக் கொட்டைக்கும் சொல்லவே வேண்டியதில்லை. திறந்த ஏனத்தில் பருப்பு வேகக் காத்திருக்கும் மலைவீட்டுப் பெண், தன் பிழையால் வளியைக் கூடுதலாக எரிக்கவில்லை. மலை அவளை எரிக்கச் செய்கிறது.

இரண்டாவது குளிர். சமவெளியில் கோடையில் தண்ணீரைப் பிடித்து அப்படியே குளித்துவிடலாம். மலையில் ஆண்டு முழுதும் வெந்நீர் வேண்டும். குழாயிலிருந்து விழும் நீரே கைவிரலை மரக்கச் செய்வது. அதனைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர ஆகும் எரிபொருள், சோறு கறி ஆக்குவதற்கு ஆவதைவிடப் பல வீடுகளில் மிகுதி. ஆயினும் குடும்பங்கள் இதைச் சமையற் செலவு என்றே கணக்கில் சேர்த்துவிட்டு, சமையலில் எங்கே வீணாகிறது என்று தேடிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது செய்தி பலரும் அறியாதது. உருளைக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வளிகளை அழுத்தி நீர்மமாக்கிய கலவை. புரொப்பேன் உறைபனிக்கும் மிகக் கீழே, கழி 42 பாகையிலேயே ஆவியாகும் இயல்பினது. பியூட்டேனோ சுழியத்துக்கு அரைப் பாகை கீழே வரைதான் ஆவியாகும். குளிர்ந்த சூழலில் சோம்பி நிற்கும். உருளையைப் பயன்படுத்தப் பயன்படுத்தப் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறும். அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அதுமட்டுமன்று, நீர்மம் ஆவியாகும்பொழுது உருளையின் சூட்டையே தனக்கு இழுத்துக்கொள்வதால் உருளை மேலும் குளிர்கிறது. மார்கழி, தை விடியலில் சுடர் சோர்ந்து நீலம் மங்கி நடுங்குவதன் கரணியம் இதுவே. வீட்டார் உருளை தீர்ந்தது என்று எண்ணிக் கழற்றி வைத்துவிடுகின்றனர். அடியில் கிடக்கும் நீர்மம், விலை கொடுத்து வாங்கிய நீர்மம், உருளையோடு வண்டியேறிப் போய்விடுகிறது. அதற்கு எவரும் பணம் திருப்பித் தருவதில்லை.

சிலர் இதற்கு ஒரு மாற்று வழி கண்டு வைத்துள்ளனர். உருளையைப் படுக்கவைத்து உருட்டுவதும், வெந்நீர்த் தொட்டியில் இறக்குவதும், தணலருகே கொண்டுபோய் வைப்பதும் மலைவீடுகளில் காணக்கூடியன. இவை உயிரோடு விளையாடுவன. படுத்த உருளையிலிருந்து ஆவிக்கு மாறாக நீர்மமே குழாயில் பாய்ந்து அடுப்பில் தீப்பிழம்பாக எழும். சூடேற்றிய உருளையில் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. செய்யக் கூடியது எளியது. உருளையை நிமிர்ந்த நிலையிலேயே, வெளித்திண்ணைக் குளிரில் விடாது அடுக்களைக்குள்ளேயே, ஆனால் அடுப்புக்கு எட்டவும் தாழவும் வைத்திருக்க வேண்டும். விடியலில் சுடர் சோர்ந்தால் நண்பகல் வெதுவெதுப்பில் மீண்டும் ஒருமுறை ஏற்றிப் பார்த்த பின்னரே கழற்ற வேண்டும். பல வீடுகளில் அந்த உருளை இன்னும் சில வேளைச் சோற்றுக்கு வரும்.

வீட்டுக்குள் குறைக்கக் கூடியவற்றை இங்கேயே சொல்லி முடிக்கலாம். மலையில் குக்கர் எனும் அழுத்தக் கொதிகலன் ஆடம்பரப் பொருளன்று. மலை குறைத்த அழுத்தத்தை மீட்டுத் தரும் கருவி அதுதான். பருப்பையும் கொட்டைகளையும் முன்னிரவே ஊறவைத்தல், ஏனத்தை மூடிச் சமைத்தல், மஞ்சட் சுடர் எரிந்து ஏனத்தின் அடியில் கரி பிடித்தால் எரிகண்களைத் தூய்மை செய்தல், குழாய் இணைப்பில் வழலைநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தல் என்பவையெல்லாம் பயனுடையவையே. குளிக்கும் நீருக்கு மட்டும் கவாத்து செய்த தேயிலை மிலாறுகளை வீட்டுக்கு வெளியே எரித்துக்கொள்வாரும் உளர். ஆனால் இவை அனைத்தையும் ஒருத்தி குறைவறச் செய்துவிட்டாலும் சீட்டிலுள்ள தொகை தாழாது. உருளை இரண்டு நாள் கூடுதலாக எரியும். உருளையின் விலை அவள் கையில் இல்லை.

விலை யார் கையில் உள்ளது? சென்னை விலையைக் கொண்டே பார்ப்போம். மலைக்கு ஏறும் வண்டிக்கூலி அதற்குமேல். 2020 நவம்பரில் 14.2 கிலோ வீட்டு உருளை 610 உருபா. அவ்வாண்டு திசம்பரில் இருமுறை ஐம்பது ஐம்பதாக ஏறி 710 ஆயிற்று. 2021 பிப்பிரவரி ஒரே திங்களில் மூன்று முறை ஏறியது. மார்ச்சு முதல் நாள் மீண்டும் ஏறி 835-ஐத் தொட்டது. 2022 மே திங்களில் ஆயிரத்தைக் கடந்தது. 2023 மார்ச்சில் 1118 உருபா 50 காசு. இரண்டாண்டு நான்கு திங்களில் 508 உருபா 50 காசு ஏற்றம்! இந்த ஏற்றத்தின்போது கூலி இதே விரைவில் ஏறிற்றா, கொழுந்தின் விலை ஏறிற்றா என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. விடை ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. அந்நாளில் ஓர் உருளைக்கு, ஒரு தோட்டத் தொழிலாளி இரண்டு நாள் கூலியைக் கொடுத்தும் போதாது மூன்றாம் நாள் கூலியிலும் கைவைக்க நேர்ந்தது.

அரசினர் சொல்லும் விளக்கம் ஒன்றுண்டு. நாட்டுக்கு வேண்டிய எரிவளியில் பாதிக்கும் மேற்பட்டது அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. சவுதி நாட்டு எண்ணெய் நிறுவனம் ஒவ்வொரு திங்களும் அறிவிக்கும் விலையே அளவுகோல். அதனைத் தாலரில் கொடுக்க வேண்டும். ஆகலின் எங்கள் கையில் ஏதுமில்லை என்பது அவ்விளக்கம். அதில் உண்மையும் உள்ளது. 2022 ஏப்பிரலில் புரொப்பேன் விலை ஒரு டன்னுக்கு 940 தாலர் வரை சென்றது உண்மையே. ஆனால் 2023 சூலையில் அவ்விலை ஏறத்தாழ 400 தாலராக இறங்கி விட்டதே! அதே சூலையில் வீட்டு உருளையின் விலை என்ன? 1118 உருபா 50 காசே. ஏறும்பொழுது சவுதியின் விலை அடுக்களைக்கு ஓடிவருகிறது. இறங்கும்பொழுது வழியில் எங்கோ தங்கிவிடுகிறது. முன்னர் நிறுவனங்கள் தாங்கிய இழப்பை ஈடுசெய்யவே விலையை இறக்கவில்லை என்பர். அவ்விழப்புக்காகவே 2022 அத்தோபரில் மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கும் 22,000 கோடி உருபா நடுவணரசின் கருவூலத்திலிருந்து வழங்கப்பெற்றது. கருவூலப் பணமும் மக்கள் பணமே. உப்பு வாங்கும்பொழுதும் செருப்பு வாங்கும்பொழுதும் ஏதோ ஒரு வரியாக அவர்கள் கட்டியதே. ஒரே இழப்புக்கு வரியாகவும் விலையாகவும் இருமுறை ஈடு கட்டியவள், அந்த உப்புக் குடுவைக்காரிதான்.

விலை குறைந்த நாள்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகத்து 30-ஆம் நாள் 200 உருபா குறைந்தது. அப்பொழுது ஐந்து மாநிலங்களின் தேர்தல் அண்மையில் இருந்தது. 2024 மார்ச்சு 8, மகளிர் நாள் அன்பளிப்பு என்று சொல்லி 100 உருபா குறைக்கப்பெற்றது. அப்பொழுது நாடாளுமன்றத் தேர்தல் வாயிலில் நின்றது. 2025 ஏப்பிரலில் 50 உருபா ஏறிச் சென்னையில் 868 உருபா 50 காசு ஆனது. அந்த ஏப்பிரலில் வாயிலில் எந்தத் தேர்தலும் நிற்கவில்லை. குறைத்ததைத் தவறு என்று எவரும் சொல்லார். சவுதி நிறுவனத்தின் அறிவிப்பைக் காட்டிலும் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பே உருளை விலையை நன்கு இறக்குகிறது என்று மலைமக்கள் முடிவு செய்துகொண்டால், அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்து, மானியம் என்று வழங்கும் விலைநல்கை. முன்னர் உருளையையே குறைந்த விலைக்குத் தந்தனர். 2012 செத்தம்பரில் ஆண்டுக்கு ஆறு உருளை என்று வரம்பிட்டு, எதிர்ப்பு எழவே அதனை ஒன்பதாக்கி, 2014-இல் பன்னிரண்டாக்கினர். பின்னர், முழு விலையையும் முதலில் கொடுத்துவிடுங்கள், நல்கையை வங்கிக் கணக்கில் சேர்ப்போம் என்றனர். 2014 நவம்பரில் சில மாவட்டங்களிலும் 2015 சனவரியில் நாடெங்கும் இத்திட்டம் வந்தது. அதற்கு இட்ட பெயர் 'பகல்'. இந்திச் சொற்கள் சிலவற்றின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் அது. தமிழர் அதனைத் தம் மொழிச் சொல்லாகவே படித்து, அதன்பின் 'கொள்ளை' என்னும் சொல்லைத் தாமே சேர்த்துக்கொண்டால் பிழை எவருடையது? ஏனெனில் 2020 மே திங்களில் உலகச் சந்தையில் விலை தாழ்ந்தபொழுது, இனி நல்கைக்குத் தேவையில்லை என்று வங்கிக்கு வரும் தொகை நின்றது. விலை மீண்டும் ஏறி ஆயிரத்தைத் தாண்டியபொழுதும் நின்றது நின்றதே. நிறுத்தும் முன் எவரிடமும் கேட்கவில்லை. நிறுத்திய பின்னும் வீடுதோறும் ஒரு வரி எழுதித் தெரிவிக்கவில்லை. பொத்தகத்தில் பதிவு போடச் சென்ற பெண்கள், கணக்கில் ஏதும் வரவில்லையே என்று வங்கியில் கேட்டபொழுது, அது எங்கள் வேலையன்று என்னும் விடையைப் பெற்றுத் திரும்பினர்.

2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் தொடங்கிய 'உச்சுவலா' திட்டத்தில் இணைப்புப் பெற்றோருக்கு மட்டும் 2022 மே முதல் உருளைக்கு 200 உருபாவும், 2023 அத்தோபர் முதல் 300 உருபாவும் நல்கை அறிவிக்கப்பெற்றது. நல்லதே. ஆனால் அத்திட்டம் முன்னர் இணைப்பு இல்லாதவர்க்கு உரியது. தமிழ்நாட்டிலோ, மாநில அரசு 2006-07 காலத்திலேயே ஏழை வீடுகளுக்கு விலையில்லா எரிவளி அடுப்பும் இணைப்பும் வழங்கத் தொடங்கிவிட்டது. முன்னதாகவே புகையிலிருந்து விடுபட்ட குற்றத்துக்காக அந்த ஏழை வீடுகள் இன்று உச்சுவலாவின் வேலிக்கு வெளியே நிற்கின்றன. ஒரே தோட்டக் குடியிருப்பில், ஒரே கூலி வாங்கும் இரு குடும்பங்களுள் ஒன்றுக்கு 300 உருபா திரும்புகிறது; மற்றதற்குத் திரும்புவதில்லை. அவ்விரு வீட்டுப் பெண்களும் குழாயடியில் நின்று, ஏன் இப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கின்றனர். திட்டத்தின் பெயரே இருவர்க்கும் விளங்காததாயிருக்க, திட்டத்தின் விதி எங்கே விளங்கும்?

நடுவணரசை மட்டும் சொல்லி மாநிலத்தை விட்டுவிடல் நடுநிலையாகாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் உருளை ஒன்றுக்கு 100 உருபா நல்கை தரப்பெறும் என்று தி.மு.க. தன் தேர்தல் அறிக்கையில் எழுதித் தந்தது. ஆட்சியும் அமைத்தது. 2024 கழிந்த பின்னும் அந்த நூறு உருபா அடுக்களைக்கு வந்து சேரவில்லை. தமிழில் எழுதப்பெற்ற உறுதிமொழியாதலின் இதனை மக்கள் படித்திருந்தனர். படித்ததனாலேயே கேட்கவும் செய்தனர். தமிழில் எழுதாதவற்றைக் கேட்பார் இல்லை என்பதும் இதனால் விளங்கும்.

இனி உருளை வந்திறங்கும் வாயிற்படிக்கே திரும்புவோம். சீட்டில் அச்சிட்ட தொகைக்குமேல் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை என்பதே எண்ணெய் நிறுவனங்களின் அறிவிப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி அத்தொகைக்குள்ளேயே அடங்கியது. அப்படியிருந்தும் மலையூர்களில் மேற்கொண்டு ஐம்பது, நூறு என்று வாங்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது. இதனைச் சொல்வதால் சுமந்து வரும் இளைஞனை வைவதாகக் கொள்ளற்க. நிறைந்த உருளை ஏறத்தாழ முப்பது கிலோ. தார்ச்சாலை முடிந்தபின் தேயிலைச் செடிகளுக்கிடையே படிபடியாக இறங்கியும் ஏறியும் அதனைத் தோளில் சுமப்பவன் பெறும் கூலி சிறிது. அவனுக்கு உரியதை முகவரும் நிறுவனமும் கொடுக்க வேண்டும். தம் செலவை மிச்சப்படுத்திக்கொண்டு, ஓர் ஏழையை மற்றோர் ஏழையிடம் கையேந்த விடுவது எந்த வாணிக ஒழுங்கு?

வாயிற்படியில் வேறு உரிமைகளும் உண்டு. உருளையின் கழுத்து வளையத்தில் அதன் வெற்றெடை பொறிக்கப்பெற்றிருக்கும். அதனோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வரும் எடை இருக்க வேண்டும். எடைபோட்டுக் காட்டச் சொல்லலாம்; காட்ட வேண்டியது தருபவரின் கடமை. அவ்வளையத்திலேயே ஓர் ஆங்கில எழுத்தும் ஈரிலக்க எண்ணும் இருக்கும். உருளையை மீண்டும் ஆய்வு செய்ய வேண்டிய காலத்தை அது குறிக்கிறது. ஏ என்பது சனவரி முதல் மார்ச்சு, பி என்பது ஏப்பிரல் முதல் சூன், சி அடுத்த மூன்று திங்கள், டி ஆண்டின் கடை மூன்று திங்கள். எண் ஆண்டைக் குறிக்கும். அக்காலம் கடந்த உருளையை வாங்க மறுத்துவிடலாம். செல்பேசிக்கு வரும் மறையெண்ணை உருளை கைக்கு வந்தபின்னரே சொல்ல வேண்டும். முன்னரே சொல்லிவிட்டால் வராத உருளையும் வந்ததாகக் கணக்கில் ஏறக்கூடும். முறையீட்டுக்கு 1800 2333 555 என்னும் எண்ணும், வளிக்கசிவு இடருக்கு 1906 என்னும் எண்ணும் உள்ளன. இத்தனையும் மக்களுக்கு உரிய உரிமைகள். இவற்றுள் எத்தனை, கீழ்க்கோத்தகிரி உழைப்பாட்டிக்கு அவள் மொழியில் அவள் கையில் அச்சிட்டுக் கொடுக்கப்பெற்றன?

இங்கு ஒரு வேடிக்கை. உருளை வேண்டும் என்று பதிவு செய்யத் தொலைபேசியில் அழைத்தால், தமிழ் வேண்டுமா என்று கேட்டுத் தமிழிலேயே பேசும் குரல் வருகிறது. ஆக, தமிழில் சொல்ல அவர்களுக்குத் தெரியாமலில்லை. பணம் வாங்கும் வாயிலில் தமிழ். கணக்குக் காட்டும் வாயிலில் ஆங்கிலம். பெயர் சூட்டும் மேடையில் இந்தி! 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமை நுகர்வோர்க்கு உண்டென்று வரையறுத்துள்ளது. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிக் கொடுப்பது அறிவித்ததாகுமா? ஊமையன் கனாக் கண்ட கதையாக, சீட்டு ஒருபுறம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்பவளுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

இவ்வளவும் சில நூறு உருபாவுக்காகவா என்று சமவெளியில் இருப்போர் கேட்கக் கூடும். அந்தச் சில நூறு உருபா மலையில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பார்த்தால் அவ்வாறு கேளார். உருளை தீர்ந்து, மறு உருளைக்குப் பணம் சேரும்வரை பெண்கள் கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு சோலை ஓரத்துக்கும் கற்பூரமரக் காட்டுக்கும் சீகை மரச் சரிவுக்கும் சுள்ளி பொறுக்கப் போகின்றனர். வெள்ளையர் குளிர்காய விறகு வேண்டி 19-ஆம் நூற்றாண்டில் நட்டுப் பரப்பிய மரங்கள்தாம் அவை. கோத்தகிரி வட்டாரத்தில் அந்தக் காட்டோரம் கரடியும் காட்டெருமையும் சிறுத்தையும் நடமாடும் இடம். தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளும்பொழுதே கரடியாலும் காட்டெருமையாலும் தாக்குண்டவர் பலர். தனியே விறகுக்குச் செல்பவளின் நிலையைக் கூற வேண்டா. வீட்டுக்குள்ளே நிலை இதைவிட மேலன்று. பனிக்காலத்தில் வளியை மிச்சப்படுத்தக் கரிக்கணப்பை அறைக்குள் எடுத்து வைத்துக் கதவடைத்துத் துயில்கின்றனர். மணமும் நிறமும் அற்ற கரி நச்சுவளி அவ்வறையில் நிறைகிறது. நீலமலையிலும் கொடைமலையிலும் இவ்வாறு துயின்று எழாதவர் உண்டு. வீட்டுச் சீட்டில் ஏறும் ஐம்பது உருபா, இவ்வழியே வந்து உயிர்க்கணக்கில் முடிகிறது.

தேயிலையும் எரிவளியும் இம்மலையில் ஒரே கதையின் இரு பக்கங்கள். பசுந்தேயிலையை விளைவிப்பவன் அதன் விலையைத் தான் சொல்ல இயலாது. குன்னூர் ஏலத்தில் எவரோ கேட்கும் விலையிலிருந்து கழித்துக் கழித்து மிஞ்சியதே அவனுக்கு. கட்டுபடியாகும் விலை வேண்டி 2023-இல் கோத்தகிரி வட்டாரச் சிறு தேயிலை உழவர் உண்ணாநோன்பிருந்தனர். விற்கும் பொருளுக்கு விலை சொல்ல உரிமையில்லை. வாங்கும் பொருளுக்கோ விலையைப் படிக்கவும் வழியில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று அடுப்பெரிக்கிறது ஒரு குடும்பம்.

கேட்க வேண்டியவை மூன்று. உருளையோடு வரும் சீட்டு தமிழில் இருக்க வேண்டும்; அடக்கவிலை, நிரப்புக்கூலி, மலையேற்றுக்கூலி, முகவர் பங்கு, ஐந்து விழுக்காட்டு வரி, வீட்டுக்குக் கொணர்ந்து தரும் கூலி ஆகியவை தனித்தனியே அதில் எழுதப்பெற வேண்டும். அடியில், இதற்குமேல் தர வேண்டா என்னும் வரி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, உயரத்தாலும் குளிராலும் கூடுதலாக எரிக்க நேரும் மலைவாழ் குடும்பங்களுக்கு, எந்தத் திட்டத்தின் பெயரில் இணைப்புப் பெற்றிருப்பினும், தனி விலைநல்கை வேண்டும். மலையில் பணியாற்றும் அரசு ஊழியர்க்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டென்பதை நோக்க, மலையிலேயே பிறந்து வாழ்பவர்க்கு இதனைக் கேட்பது மிகையாகாது. மூன்றாவது, சுமந்து வருபவர்க்குப் படியிறக்கத்துக்கு ஏற்ற கூலியை முகவர் வாயிலாக நிறுவனமே தர வேண்டும்.

இவை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் உருளைக்கும் வரும் சீட்டைப் பள்ளி செல்லும் பிள்ளையிடம் கொடுத்து வாயிற்படியிலேயே உரக்கப் படிக்கச் செய்யலாம். அச்சிட்ட தொகைக்குமேல் கொடுக்க நேர்ந்தால், எவ்வளவு, எந்த நாள் என்று அச்சீட்டின் பின்புறமே தமிழில் குறித்து வைக்கலாம். உருளை ஏற்றிய நாளும் தீர்ந்த நாளும் அதே இடத்தில் எழுதப்பெற்றால், குளிர்காலத்தில் எத்தனை நாள் குறைகிறது என்பது தானே தெரியவரும். வீட்டுப் பூசலும் அன்றோடு நிற்கும். ஓராண்டில் பத்துச் சீட்டு சேரும். ஒரு குடியிருப்பில் முப்பது வீடு என்றால் முந்நூறு சீட்டு. அவற்றை ஒரு கயிற்றில் கோத்து எடுத்துக்கொண்டு, உதகையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து எரிவளி நுகர்வோர் குறைகேட்புக் கூட்டத்துக்கு முப்பது வீட்டுப் பெண்களும் சேர்ந்தே போகலாம். கூட்டத்தில் எண்ணெய் நிறுவன அலுவலர் முன் சீட்டுக் கோவையை வைத்து, இதனைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாம்.